கோலாலம்பூரா, சிங்கப்பூரா: காங்கேயநல்லூர் வாசற்படியிலிருந்து ஒரு கணக்கு

"இன்னா மாமா, ரெண்டுமே நாலு மணி நேர ஃப்ளைட்டுதானே? எங்க எறங்குனா இன்னா?"

தங்கை மகன் கேட்டது இவ்வளவுதான். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ரசாயனம் விற்கிற கம்பெனியில் இருக்கிறான். மூன்று வருடத்துக்கு வெளிநாடு போகலாம், கோலாலம்பூர் ஆபீஸா சிங்கப்பூர் ஆபீஸா என்று பத்து நாளில் சொல் என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டில் அவன் மனைவி, யுகேஜி படிக்கும் பெண், முட்டிவலியோடு என் தங்கை. நான் சிங்கப்பூரில் ஆறு வருடம் குப்பை கொட்டியவன். அங்கிருந்து மாதம் ஒருமுறை வேலையாகக் கோலாலம்பூர் போய் வந்தவன். அதனால் பஞ்சாயத்து என் திண்ணைக்கு வந்துவிட்டது.

நாலு மணி நேரம் என்பது மீனம்பாக்கத்தில் விமானம் எழும்பியதிலிருந்து அங்கே போய்த் தரை தொடும்வரைதான். அந்தக் கணக்கில் இரண்டு ஊருக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. வேலூருக்குப் பக்கத்திலிருக்கிற காங்கேயநல்லூர் வாசற்படியில் தொடங்கி, அவன் அங்கே குடியிருக்கப்போகும் வீட்டு வாசற்படி வரை எண்ணினால்தான் வித்தியாசம் தெரியும். அதிலும் வேலைக்குப் போகிறவன் எண்ணினால் ஒரு விடை, அவனைப் பார்க்கப் போகிற அம்மா எண்ணினால் வேறு விடை. இதைப் புரியவைக்க எனக்கு இரண்டு சாயங்காலம் ஆனது.

சென்னை வரைக்குமான முதல் 140 கிலோமீட்டர் இரண்டுக்கும் பொது. பகல் விமானம் என்றால் நான் காட்பாடியில் ரயில் ஏறச் சொல்வேன். சென்ட்ரலில் இறங்கி, சுரங்கத்தில் மெட்ரோ பிடித்தால் மீனம்பாக்கம் சுமார் நாற்பது நிமிடம். இறங்கின இடமே விமான நிலையம், நடுவில் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசவேண்டியதில்லை. பஸ்ஸில் போனால் பூந்தமல்லியில் இறங்கி, மூட்டை முடிச்சோடு இன்னொரு வண்டி தேடவேண்டும். நான் ஒருமுறை பஸ்ஸை நம்பினேன். சுங்குவார்சத்திரம் தாண்டி ஒரு டிரெய்லர் லாரி குறுக்கே படுத்துக்கிடந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் ஒரு அடி நகரவில்லை. விமானம் நான் இல்லாமலேயே கிளம்பிப் போனது, டிக்கெட் காசும் போச்சு. அன்றிலிருந்து ராத்திரி விமானத்துக்குக் கார்தான், அதுவும் விமான நேரத்துக்கு ஏழு மணி நேரம் முன்னால். திரும்பி வரும்போது, ராத்திரி பதினொன்றுக்கு முன்னால் கிளம்புகிற பெங்களூர் மெயிலைப் பிடிக்க முடிந்தால் நல்லது. நள்ளிரவில் இறங்கினால் மறுபடி கார்தான்.

பெங்களூர் விமான நிலையம் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் யோசிக்கவேண்டிய விஷயம். நமக்கு அது ஊரின் அந்தக் கோடியில், தேவனஹள்ளியில் இருக்கிறது. 262 கிலோமீட்டர் விரைவுச்சாலை முழுசாகத் திறந்தால் அப்போது பேசிக்கொள்ளலாம். அப்துல்லாபுரம் ஓடுதளத்தைப் பற்றி மாப்பிள்ளை கேட்டான். அது சின்ன விமானத்துக்கானது, கடல் தாண்டுகிற கணக்கில் வராது.

சரி, அங்கே இறங்கியாயிற்று. கதை இங்கேதான் பிரிகிறது.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் 1981-ல் திறந்தது, தீவின் கிழக்கு ஓரம். ஊர் நடுவுக்குச் சுமார் 20 கிலோமீட்டர். மொத்த நாடே 735 சதுர கிலோமீட்டர் சுமாருக்குத்தான். மூன்றாகப் பிரித்தபிறகு மிச்சமிருக்கிற நம் வேலூர் மாவட்டத்தில் பாதிகூட இல்லை. கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு 50 கிலோமீட்டர், வேலூரிலிருந்து ஆம்பூர் போகிற தூரம். டெர்மினலுக்கு அடியிலேயே எம்ஆர்டி என்கிற நகர ரயிலின் ஸ்டேஷன். ஒரே ஒரு நிறுத்தம் போய் எக்ஸ்போவில் இறங்கி, டவுன்டவுன் பாதைக்கு மாறினால் நேராக லிட்டில் இந்தியா. நம்மவர்கள் தேக்கா என்பார்கள். டாக்ஸி தேவையில்லை. விமானத்தை விட்டு இறங்கிய ஒன்றரை மணி நேரத்தில், கையில் பெட்டியோடு தேக்காவில் டீ குடித்திருக்கிறேன். அந்த ஸ்டேஷன் பலகையில் பெயர் தமிழிலும் இருக்கும். முதல் தடவை போனபோது நான் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்தவர் இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார், தமிழில்.

கோலாலம்பூரின் விமான நிலையம் கோலாலம்பூரிலேயே இல்லை. 1998-ல் செப்பாங்கில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கட்டினார்கள். ஊர் நடுவில் இருக்கிற கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து ரயில் பாதையில் 57 கிலோமீட்டர். காட்பாடியிலிருந்து அரக்கோணம் 61 என்றால் தூரம் புரிந்துவிடும். ஆனால் அந்த 57-ஐ கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் என்கிற விமான நிலைய ரயில் 28 நிமிடத்தில் ஓடிவிடுகிறது. காட்பாடி அரக்கோணம் பாசஞ்சரில் உட்கார்ந்து பழகியவனுக்கு அது ரயிலா என்றே சந்தேகம் வரும். ஜன்னலுக்கு வெளியே செம்பனை வரிசை வரிசையாகப் பின்னால் ஓடும், பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்து மூடுவதற்குள் ஊர் வந்துவிடும்.

விலைதான் இடிக்கும். ஒரு ஆளுக்கு ஒரு வழிக்கு 55 ரிங்கிட். தனி ஆளுக்குச் சரி. மனைவி, குழந்தை, அம்மா என்று நாலு பேராக இறங்கினால் போனில் கூப்பிடுகிற கிராப் கார் பிடிப்பதுதான் லாபம். பஸ் இன்னும் மலிவு, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். இன்னொன்றையும் மனதில் வைக்கவேண்டும். அங்கே இரண்டு டெர்மினல். மலேசியா ஏர்லைன்ஸ் முதலாவதில், ஏர்ஏஷியா இரண்டாவதில். டிக்கெட்டில் எது என்று பார்க்காமல் வரவேற்கப் போய், தப்பான டெர்மினலில் காத்திருந்து, கடைசியில் போனில் சண்டை போட்டவர்கள் என் சொந்தத்திலேயே உண்டு. முதல் டெர்மினலுக்கும் விமானம் நிற்கிற கட்டடத்துக்கும் நடுவே ஓடுகிற ஏரோட்ரெயின் 2023 மார்ச்சில் நின்றுபோய், 2025 ஜூலையில்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. இடையில் பஸ்ஸில் அடைத்துக்கொண்டு போனார்கள்.

ஆக, இறங்கி வீடு சேர்வதில் சிங்கப்பூர் ஜெயித்தது. மாப்பிள்ளை முகத்தில் வெளிச்சம். அவனுக்கு முதலிலிருந்தே சிங்கப்பூர் ஆசை.

ஊருக்குள் தினமும் வேலைக்குப் போய் வருவதில் ஜெயிப்பு இன்னும் பெரிது. எம்ஆர்டி 1987 நவம்பரில் ஓட ஆரம்பித்தது. பாதை பாதையாகச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். ஒரு பாதையில் இறங்கி இன்னொன்றில் ஏற நகரும் படிக்கட்டு, லிஃப்ட், அம்புக்குறி எல்லாம் சீராக இருக்கும். ரயிலில் பாதுகாப்பு அறிவிப்பு நாலு மொழியில் வரும், அதில் தமிழும் ஒன்று. தமிழ் அங்கே ஆட்சிமொழி, சும்மா மரியாதைக்கு வைத்தது இல்லை. இவனுக்குச் சொன்ன ஆபீஸ் ஜூரோங்கில். கிழக்கு மேற்குப் பாதையிலேயே போய் வந்துவிடலாம். அந்தப் பாதையும் தெய்வப் பிறவி கிடையாது என்பதையும் சொன்னேன். 2024 செப்டம்பர் கடைசியில் ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவோனா விஸ்டாவுக்கும் நடுவே ஆறு நாள் ரயில் ஓடவில்லை. பஸ் விட்டுச் சமாளித்தார்கள்.

கார் என்கிற பேச்சையே அங்கே எடுக்கக்கூடாது. 1990-லிருந்து கார் வாங்கவேண்டுமானால் முதலில் ஏலத்தில் உரிமைச் சீட்டு எடுக்கவேண்டும். பத்து வருடத்துக்குத்தான் செல்லும். 2023 அக்டோபரில் பெரிய கார் வகைக்கான சீட்டு 1,50,000 வெள்ளிக்கு வந்து நின்றது. காருக்கு இல்லை, காரை வைத்துக்கொள்ளும் உரிமைக்கு மட்டும். இங்கே சத்துவாச்சாரியில் அந்தக் காசுக்கு வீடே வாங்கலாம் என்று தங்கை சொன்னாள். மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவள் சொன்னது சரிதான்.

வெள்ளி என்றதும் ஒரு எச்சரிக்கை. சிங்கப்பூர்த் தமிழர்கள் டாலரை வெள்ளி என்பார்கள், மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டையும் வெள்ளி என்பார்கள். 1973 வரை இரண்டும் ஒன்றுக்கு ஒன்று சமமாகவே மாறியது. இன்றைக்கு ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று மலேசிய வெள்ளிக்கு மேல் வேண்டும். சம்பளத்தைப் பற்றி யாராவது "ஆறாயிரம் வெள்ளி" என்று சொன்னால், எந்த ஊர் வெள்ளி என்று கேட்காமல் வாயைப் பிளக்காதீர்கள்.

கோலாலம்பூர் ரயில்கள் கூட்டுக்குடும்பம் மாதிரி. எல்லாரும் இருக்கிறார்கள், ஆனால் அடுப்பு தனித்தனி. எல்ஆர்டி என்கிற இலகு ரயில் 1996-ல் வந்தது, மோனோரயில் 2003-ல், எம்ஆர்டி 2016 கடைசியில். கேடிஎம் கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயில் வேறு. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் போட்டது, பிறகு ஒட்டவைத்தது. கேஎல் சென்ட்ரலில் இறங்கி மோனோரயில் பிடிக்கவேண்டும் என்றால் ஒரு ஷாப்பிங் மால் முழுவதையும் குறுக்கே நடந்து வெளியே வரவேண்டும். எம்ஆர்டி வேண்டுமென்றால் இன்னொரு பக்கம் நீண்ட நடைபாதை, அந்த ஸ்டேஷனுக்குப் பெயரே வேறு, முசியம் நெகாரா. முட்டிவலிக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். என் அண்ணியை ஒருமுறை அழைத்துப் போனபோது, மாலின் நடுவில் ஒரு செருப்புக்கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ரயிலுன்னு சொல்லிட்டு கடத்தெரு சுத்திக் காட்டுறியா?"

மசூதி ஜாமெக், பசார் செனி மாதிரி இடங்களில் மாறுவது சுலபம். ரயில் நேரத்துக்கு வரும், குளுகுளு என்று இருக்கும், கட்டணமும் குறைவு. அறிவிப்பு மலாயும் ஆங்கிலமும்தான். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தபிறகுதான் தொல்லை. நடைபாதை திடீரென்று முடிந்து, நாலு லேன் ரோட்டின் ஓரத்தில் நிற்போம். எதிரே தெரிகிற வீட்டுக்குப் போக கிராப் கூப்பிடவேண்டியிருக்கும். அந்த கிராப் பிறந்ததே 2012-ல் இந்த ஊரில்தான், பிறகு தலைமையகத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றிக்கொண்டார்கள். காரணம் யோசித்தால் சிரிப்பு வரும். ரயிலும் வீடும் ஒட்டாத ஊரில்தான் அப்படி ஒரு தொழில் முளைக்கும். பாகாயம் போகிற டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ தேடுகிற நமக்கு இது பழகிப்போன கஷ்டம்தான். விபத்தையும் மறைக்கக்கூடாது. 2021 மே மாதம் கெலானா ஜெயா பாதையில், கேஎல்சிசி ஸ்டேஷன் பக்கத்தில் இரண்டு ரயில்கள் மோதி 200 பேருக்கு மேல் காயம் பட்டார்கள்.

இவனுக்குச் சொன்ன கோலாலம்பூர் ஆபீஸ் பெட்டாலிங் ஜெயாவில், எல்ஆர்டி பாதையை ஒட்டி. பிரிக்ஃபீல்ட்ஸில் வீடு எடுத்தால் கேஎல் சென்ட்ரலில் ஏறி, மாறாமல் ஒரே ரயிலில் போய்விடலாம். செந்தூலும் மோசமில்லை, எல்ஆர்டி, எம்ஆர்டி, கொம்யூட்டர் மூன்றும் பக்கத்தில் உண்டு. இரண்டுமே ரயில்வேயால் வளர்ந்த தமிழர் பேட்டைகள். 1856 ஜூலை 1-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்தில் கிளம்பி வந்து நின்றது நம் வாலாஜா ரோட்டில். அதற்கு முப்பது வருடம் கழித்து, 1886-ல் கோலாலம்பூருக்கு ரயில் வந்தது. அந்தப் பாதைகளிலும் பட்டறைகளிலும் வேலைக்குப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் பூ விற்கிறார்கள், வக்கீலாகவும் இருக்கிறார்கள்.

"அப்ப சிங்கப்பூரே எடுத்துக்கலாம், லீவுக்குக் கோலாலம்பூர் போயிக்கலாம்" என்றான் மாப்பிள்ளை. போகலாம். நடுவில் 350 கிலோமீட்டர், பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம். ஆனால் அந்த நேரத்தை ரோடு முடிவு செய்யாது, பாலம் முடிவு செய்யும். உட்லண்ட்ஸுக்கும் ஜொகூர் பாருவுக்கும் நடுவே 1920-களில் கட்டிய ஒரு கிலோமீட்டர் பாலம் இருக்கிறது. பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு சமயத்தில் அந்த ஒரு கிலோமீட்டருக்கு மணிக்கணக்கில் நிற்கவேண்டும். ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி போகிற ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊரையும் ஒன்றரை மணி நேரத்தில் இணைப்போம் என்று போட்ட அதிவேக ரயில் திட்டத்தை 2021 ஜனவரி முதல் தேதி கைவிட்டார்கள். இப்போது ஜொகூர் பாருவுக்கும் உட்லண்ட்ஸுக்கும் நடுவே 4 கிலோமீட்டரில் ஆர்டிஎஸ் என்கிற ரயில், 2026 இறுதியைக் குறிவைத்துக் கட்டுகிறார்கள். ஏறுகிற இடத்திலேயே இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் முடிந்துவிடும், ஐந்து நிமிடத்தில் அக்கரை. அது வந்தால் பாலத்தின் கதை மாறும்.

இதுவரை சொன்னதெல்லாம் போகிறவனுடைய கணக்கு. தங்கை அதுவரை கீரை ஆய்ந்துகொண்டு பேசாமல் இருந்தாள்.

"அண்ணா, நான் போய்ப் பாக்கணும்னா எது கிட்ட?"

இங்கேதான் தராசு புரண்டது. மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதி தருகிறது. கிளம்புவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்பவேண்டும், காசு கிடையாது. காசு கேட்கிற தளம் என்றால் அது போலி, மூடிவிடுங்கள். சலுகை எந்த நேரமும் மாறலாம், டிக்கெட் போடுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சிங்கப்பூருக்கு வேறு வழி. நமக்கு விசா வேண்டும். ஏஜென்ட் வழியாக விண்ணப்பம், போட்டோ, காத்திருப்பு. பெரும்பாலும் கிடைத்துவிடும், ஆனால் "அம்மாவுக்கு மனசு சரியில்ல, நாளைக்குக் கிளம்பு" என்பது நடக்காது. 57 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற விமான நிலையம் என் தங்கைக்குப் பக்கம், 20 கிலோமீட்டரில் இருப்பது தூரம்.

அவளாவது பார்க்கப் போகிறவள். மனைவி, குழந்தை கணக்குத்தான் உண்மையில் முடிவு செய்தது. சிங்கப்பூரில் குடும்பத்தை வைத்துக்கொள்ள டிபென்டன்ட் பாஸ் வேண்டும். அதற்கு நிரந்தர மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி. அப்பா அம்மாவை நீண்ட நாள் வைத்துக்கொள்ள 12,000. இவனுக்குச் சொல்லியிருப்பது எஸ் பாஸ் என்கிற நடுத்தர வேலை அனுமதி, சம்பளம் ஆறாயிரத்துக்குக் கீழே. அப்படியென்றால் மனைவியும் குழந்தையும் காங்கேயநல்லூரில், இவன் ஜூரோங்கில் நாலு பேரோடு ஒரு அறையில். நான் ஆறு வருடம் அப்படித்தான் இருந்தேன். எம்ஆர்டி நொடி தவறாமல் வரும். வந்து யாரும் இல்லாத அறைக்குக் கொண்டுபோய் விடும். கோலாலம்பூர் ஆபீஸ் கடிதத்தில் குடும்பத்துக்கும் பாஸ் எடுத்துத் தருவோம் என்று ஒரு வரி இருந்தது. அவன் அதைப் படிக்கவே இல்லை, சம்பள வரியோடு நிறுத்திவிட்டான்.

கல்யாணம் ஆகாத பையன் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சிங்கப்பூர் என்று சொல்லியிருப்பேன். சம்பளம் 6,000-த்தைத் தாண்டினாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இவன் நிலைமைக்குக் கோலாலம்பூர். கையில் மிஞ்சுவது குறையலாம், மால் வழியாக நடக்கவேண்டியிருக்கலாம், கிராப்புக்குக் கொஞ்சம் அழவேண்டியிருக்கலாம். ராத்திரி வீட்டுக்குப் போனால் பெண் கதவைத் திறக்கும். நேரத்தில் இரண்டு ஊரும் ஒன்றுதான், நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். தங்கை காலை ஐந்துக்குக் கோலம் போட்டுவிட்டு போன் செய்தால் அங்கே ஏழரை, பேத்தி ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்.

தங்கைக்கு இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. முருகன். சிங்கப்பூரில் தைப்பூசம் பெருமாள் கோயிலில் தொடங்கி டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை நடக்கும், ஆனால் 1968-லிருந்து பொது விடுமுறை கிடையாது. கோலாலம்பூரில் விடுமுறை உண்டு. பத்துமலை முருகன் கோயிலுக்கு கேஎல் சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டர் ரயிலே போகிறது, 2010-லிருந்து. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் கோயில் வளாகம். மெட்ரோ மாதிரி அடிக்கடி வராது, நேரம் பார்த்துப் போகவேண்டும்.

"படி எத்தினி?"

"272."

கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். "கீழேர்ந்தே கும்புட்டுக்கறேன். 140 அடி செலைன்றயே, கீழ நின்னாத்தானே முழுசாத் தெரியும்?"

மறுநாள் மாப்பிள்ளை கோலாலம்பூர் என்று பதில் அனுப்பிவிட்டான். அவன் மனைவி பெட்டி வாங்குவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அப்போதுதான் யாரோ தங்கையிடம் பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டார்கள். அவள் ரேஷன் கார்டு வைத்திருக்கிற டப்பாவைத் திறந்து தேடினாள். ஆதார் இருந்தது, பான் இருந்தது, 2004-ல் எடுத்த ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருந்தது. பாஸ்போர்ட் அவள் எடுத்ததே இல்லை. வேலூர் தலைமைத் தபால் நிலையத்தில் இருக்கிற சேவை மையத்துக்கு அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறோம். காலை பத்தரைக்கு. நம்மூர் டவுன் பஸ்ஸை நம்பினால் எட்டரைக்கே கிளம்பவேண்டும்.